டிசம்பர் வந்தும் கிறிஸ்துமஸ் வரவில்லையா? இப்படிச் செய்து பாருங்கள்

டிசம்பர் 20 தாண்டியிருக்கும். நட்சத்திரம் கட்டியாயிற்று, மரத்தில் விளக்கு சுற்றியாயிற்று, வாங்க வேண்டியதில் பாதி வாங்கியாயிற்று. ஆனாலும் உள்ளே ஒன்றும் அசையவில்லை. சின்ன வயதில் டிசம்பர் முதல் தேதியே வயிற்றுக்குள் ஒரு குறுகுறுப்பு தொடங்குமே, அது எங்கே போனது என்று விளக்கு ஒயரின் சிக்கை எடுத்துக்கொண்டே யோசித்திருப்பீர்கள். நானும் ஏழெட்டு வருடம் யோசித்தேன். முதலில் வயதாகிவிட்டது என்று நினைத்தேன், அப்புறம் பக்தி குறைந்துவிட்டது என்று நினைத்தேன், அதற்கும் அப்புறம் விளக்கின் தரம்தான் காரணம் என்று முடிவு செய்து விலை கூடிய விளக்கு வாங்கினேன். ஒன்றும் ஆகவில்லை. விளக்கு மட்டும் நன்றாக எரிந்தது.

இது அப்படி யோசிப்பவர்களுக்கான கையேடு. பழைய கிறிஸ்துமஸை அப்படியே திரும்பக் கொண்டுவர இதில் வழி இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்படி ஒரு வழி இருக்கிறது என்று யாராவது சொன்னால் அவர் உங்களிடம் எதையோ விற்கப் பார்க்கிறார். ஆனால் தொலைந்தது எது என்று சரியாகத் தெரிந்துகொண்டால், அதில் கொஞ்சத்தை மீட்கலாம், கொஞ்சத்தைக் கைகழுவலாம், இன்னும் கொஞ்சம் தொலையவே இல்லை, கைமாறி உங்களிடமே வந்திருக்கிறது என்றும் தெரியவரலாம்.

முதல் வேலையாக ஒரு தாளை எடுத்து, சின்ன வயதுக் கிறிஸ்துமஸ்களில் ஒரே ஒரு நிமிடத்தை எழுதுங்கள். நாள் முழுவதும் வேண்டாம், ஒரு நிமிடம் போதும். "எல்லாரும் சேர்ந்து சந்தோஷமாக இருந்தோம்" என்று எழுதினால் செல்லாது. எங்கே இருந்தீர்கள், என்ன சத்தம் கேட்டது, கையில் என்ன இருந்தது, அதை எழுதுங்கள். என்னுடையது இது. எனக்கு ஆறு வயது இருக்கும். படுக்கச் சொல்லி விளக்கை அணைத்துவிட்டார்கள். பக்கத்து அறைக் கதவுக்கு அடியில் ஒரு கோடு வெளிச்சம். உள்ளே செல்லோடேப் கிழிக்கிற சத்தம். கிர்ர் என்று ஒரு இழுப்பு, கொஞ்சம் அமைதி, மறுபடி கிர்ர். நான் அதை எண்ணிக்கொண்டே படுத்திருந்தேன், பதினொன்று வரை எண்ணியது ஞாபகம். மறுநாள் அந்தப் பொட்டலங்களில் என்ன இருந்தது என்று கேட்டால் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

நண்பர்கள் நாலைந்து பேரிடம் இதே கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன். ஒருவர்கூடப் பரிசைப் பிரித்த நிமிடத்தைச் சொல்லவில்லை. ஒருத்தி ஜன்னலோரம் நின்று அப்பா வரும் வண்டிச் சத்தத்துக்குக் காது கொடுத்ததைச் சொன்னாள், இன்னொருவன் பரண் மேலிருந்து அட்டைப்பெட்டி இறங்கும்போது முகத்தில் கொட்டிய தூசியைச் சொன்னான். எல்லாமே முந்தின நாள், முந்தின வாரம். அதாவது காத்திருந்த நேரம்.

மூளைக்குள்ளும் ஏறக்குறைய இதே கதைதான் நடக்கிறது. 1990களில் வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்ற நரம்பியல் ஆய்வாளர் குரங்குகளுக்கு முதலில் ஒரு சின்ன விளக்கைக் காட்டிவிட்டு, சற்றுப் பொறுத்துப் பழச்சாறு கொடுத்துப் பார்த்தார். ஆரம்பத்தில் சாறு கிடைத்தபோது அவற்றின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் துள்ளின. பழகிய பிறகு விளக்கைப் பார்த்ததுமே துள்ளின, எதிர்பார்த்த சாறு வந்து சேர்ந்தபோது பேசாமல் இருந்தன. துள்ளல் சாற்றிலிருந்து சாற்றின் அறிகுறிக்கு நகர்ந்துவிட்டது. நமக்கு அந்த அறிகுறிதான் நட்சத்திரம், கதவடி வெளிச்சம், டேப் சத்தம். 25ஆம் தேதி மத்தியானம் எல்லாவற்றையும் பிரித்து முடித்தபின் ஒரு வெறுமை வந்து உட்காரும், குழந்தையாக இருந்தபோதே வந்திருக்கும், நீங்கள் மறந்திருப்பீர்கள்.

பெரியவர்களான பிறகு நாம் செய்த காரியம் என்னவென்றால், இந்தக் காத்திருப்பை முழுசாகக் கழித்துவிட்டோம். வேண்டியதை வேண்டிய நேரத்தில் நாமே வாங்கிக்கொள்கிறோம். யாரும் நம்மிடம் எதையும் ஒளித்துவைப்பதில்லை. போதாததற்கு வருடமும் சுருங்கிவிட்டது. பிரெஞ்சுத் தத்துவவாதி பால் ஜானே 19ஆம் நூற்றாண்டிலேயே ஒரு கணக்குச் சொன்னார். ஒரு காலத்தின் நீளத்தை நாம் அதுவரை வாழ்ந்த வாழ்க்கையோடு ஒப்பிட்டுத்தான் உணர்கிறோம் என்றார். 5 வயதுப் பிள்ளைக்கு ஒரு வருடம் என்பது அதன் மொத்த ஆயுளில் ஐந்தில் ஒன்று, 40 வயதுக்காரருக்கு நாற்பதில் ஒன்று. இந்தக் கணக்குப்படி அந்தப் பிள்ளை போன கிறிஸ்துமஸிலிருந்து இந்தக் கிறிஸ்துமஸ் வரை காத்திருப்பது நமக்கு 8 வருடம் காத்திருப்பது மாதிரி. கணக்கு அப்படியே துல்லியம் என்று யாரும் சாதிக்க முடியாது, ஆனால் "இப்போதுதானே நட்சத்திரத்தைக் கழற்றினோம், அதற்குள் அடுத்ததா" என்று நாம் சலித்துக்கொள்வதும், பிள்ளைகள் "இன்னும் எத்தனை நாள்" என்று உயிரை எடுப்பதும் ஏன் என்று ஓரளவு புரிகிறது.

சரி, என்ன செய்யலாம்? காத்திருப்பைத் திரும்ப உள்ளே கொண்டுவர வேண்டும், அதுவும் கொஞ்சம் வம்படியாக. உண்மையில் திருச்சபை இதை எப்போதோ கண்டுபிடித்து வைத்திருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட திருவருகைக் காலம் காத்திருப்பதற்கென்றே ஒதுக்கிய காலம். நாம் அந்த நான்கு வாரத்தையும் ஷாப்பிங்கில் கரைத்துவிட்டு 25 அன்று களைத்துப்போய் உட்கார்கிறோம்.

எனக்குப் பலித்தது குடில், அதாவது இயேசு பிறந்த கொட்டகையைப் பொம்மைகளால் அமைப்பது. முன்பெல்லாம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஒரே மூச்சில் கட்டி, எல்லாச் சொரூபங்களையும் வரிசையாக நிறுத்தி, ஒரு போட்டோ எடுத்து, முடித்துவிடுவேன். இப்போது டிசம்பர் முதல் நாள் வெறும் கொட்டகையும் வைக்கோலும் மட்டும். அப்புறம் இரண்டு மூன்று நாளுக்கு ஒன்று. முதலில் மாடு, அப்புறம் கழுதை, ஒரு ஆடு, இன்னொரு ஆடு. மரியாளும் யோசேப்பும் வீட்டின் வேறொரு மூலையிலிருந்து கிளம்பி, புத்தக அலமாரி, டிவி மேஜை என்று தங்கித் தங்கி வந்து சேர்வார்கள். குழந்தையைக் கிடத்துகிற தீவனத் தொட்டி 24ஆம் தேதி இரவு வரை காலியாகத்தான் கிடக்கும். குழந்தையைத் தேடி வரும் ஞானிகள் அதற்குப் பிறகும் நடந்துகொண்டிருப்பார்கள், ஜனவரி 6 அன்றுதான் வந்து சேர்வார்கள். கேட்க விளையாட்டாக இருக்கும். ஆனால் காலையில் பல் துலக்கிக்கொண்டே "இன்றைக்கு யாரை வைப்பது" என்று நினைக்கிற நொடியில் அந்தப் பழைய குறுகுறுப்பின் தம்பி மாதிரி ஒன்று எட்டிப்பார்க்கும். எட்டிப்பார்த்துவிட்டுப் போய்விடும், பரவாயில்லை. அசிசி நகரத் துறவி பிரான்சிஸ் 1223இல் கிரெச்சோ என்ற இத்தாலிய ஊரில் முதன்முதலாகக் குடில் காட்சி அமைத்தபோது நிஜ வைக்கோல், நிஜ மாடு, நிஜக் கழுதை என்றுதான் செய்தார். ஜனங்கள் வெறுமனே பார்த்துவிட்டுப் போவதற்காக அவர் அதைச் செய்யவில்லை, உள்ளே வந்து நிற்பதற்காகச் செய்தார். தினமும் ஒரு பொம்மையை நகர்த்துவது அதற்கு ரொம்பத் தூரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

குடில் வேண்டாம் என்பவர்கள் வேறு எதையாவது பிடித்துக்கொள்ளலாம். கிறிஸ்துமஸ் பாட்டு எதையும் டிசம்பருக்கு முன் கேட்பதில்லை என்று ஒரு விரதம், அல்லது ஒரு வாசனையை டிசம்பருக்கு மட்டும் என்று ஒதுக்கிவைப்பது, அது மெழுகுவர்த்தியோ ஊதுவத்தியோ எதுவானாலும் சரி. வாசனைக்கு மூளையில் ஒரு குறுக்குவழி உண்டு. பார்ப்பதும் கேட்பதும் தலாமஸ் என்ற சந்திப்பைக் கடந்துதான் உள்ளே போகும், வாசனை அங்கே நிற்காமல் உணர்ச்சியும் ஞாபகமும் இருக்கிற பகுதிகளுக்கு நேராகப் போய்விடும். ஆனால் வருடம் முழுக்க அதே வாசனையை ஏற்றிவைத்தால் அந்தக் குறுக்குவழி தேய்ந்துவிடும். விதி ஒன்றுதான், எது கிறிஸ்துமஸுக்கானதோ அது மற்ற மாதங்களில் கிடைக்கக் கூடாது.

இனி கொஞ்சம் கஷ்டமான பகுதி. எங்கள் வீட்டுக் குடிலில் ஒரு மேய்ப்பன் உண்டு, உள்ளங்கை உயரம், பச்சைச் சால்வை, மூக்கில் பெயின்ட் போய்விட்டது. அவனுடைய வலது கை பின்பக்கமாக நீட்டியிருக்கும். மற்ற எல்லாரும் குழந்தையைப் பார்த்து நிற்க, அவன் மட்டும் குழந்தையைப் பார்த்துக்கொண்டு கையைப் பின்னால் காட்டிக்கொண்டிருப்பான். பின்னால் வருகிற யாரையோ "சீக்கிரம் வாங்கடா" என்று கூப்பிடுகிறான் என்று நான் முடிவு செய்திருந்தேன். யார் அந்தப் பின்னால் வருகிற ஆட்கள் என்று எனக்குள் பெரிய கதையே இருந்தது, அவர்களுக்குப் பெயர்கூட வைத்திருந்தேன். முப்பது வயது தாண்டி ஒரு நாள் அம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அம்மா சிரித்துவிட்டு, "அது கீழ விழுந்து கை உடைஞ்சு போச்சுடா. ராத்திரி ஒரு மணிக்கு ஒட்டினேன், தூக்கக் கலக்கத்துல திருப்பி ஒட்டிட்டேன். காலையில நீங்க எழுந்திருக்கறதுக்குள்ள காய்ஞ்சிருச்சு, அப்படியே விட்டுட்டேன்" என்றார்.

ராத்திரி ஒரு மணி. நான் டேப் சத்தத்தை எண்ணிக்கொண்டு சுகமாகப் படுத்திருந்த அதே மாதிரி ஒரு ராத்திரியில், மறுநாள் வேலைக்குப் போக வேண்டிய ஒரு பெண் களிமண் பொம்மையின் கையைக் கோந்து போட்டு அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்.

நம் ஏக்கத்தில் பெரும்பங்கு இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். சின்ன வயதில் கிறிஸ்துமஸ் தானாக வந்தது. தானாக வந்த மாதிரி தெரிந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ வேலை செய்துகொண்டிருந்தார்கள், நாம் இந்தப் பக்கம் இருந்தோம், அவ்வளவுதான். இப்போது நாம் அந்தப் பக்கம் போய்விட்டோம். அமெரிக்க மானுடவியலாளர் மிக்காயேலா டி லியோனார்டோ 1987இல் இதைப்பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வாழ்த்து அட்டை அனுப்புவது, உறவினருக்குப் போன் செய்வது, பண்டிகையை ஏற்பாடு செய்வது, பரிசு தேர்ந்தெடுப்பது, இதெல்லாம் சும்மா நடப்பதில்லை, இது உறவுகளைத் தாங்கிப்பிடிக்கிற உழைப்பு, பெரும்பாலும் பெண்கள் தலையில் விழுகிற உழைப்பு என்றார். பெண்கள் இதைப் படித்தால் "இதற்கு ஒரு கட்டுரை வேறா" என்று கேட்பார்கள். ஆண்கள் சிலர் கிறிஸ்துமஸ் உற்சாகம் எனக்கு இன்னும் குறையவே இல்லை என்று பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன், அவர்கள் இன்னும் கதவுக்கு இந்தப் பக்கம்தான் படுத்திருக்கிறார்கள்.

ஆக இரண்டாவது வேலை. வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து, டிசம்பரில் நடக்கிற வேலைகள் அனைத்தையும் எழுதுங்கள், யாருக்கு என்ன வாங்குவது என்று யோசிப்பது, யாரைக் கூப்பிடுவது என்று முடிவு செய்வது, பெட்டியைப் பரணிலிருந்து இறக்குவது, ஜனவரியில் ஏற்றுவது வரை. யோசிக்கிற வேலையையும் எழுத வேண்டும், அதுதான் கண்ணில் படாது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் செய்பவர் பெயர். ஒரே பெயர் பட்டியல் முழுக்க வந்தால், அந்த ஆளுக்கு ஏன் கிறிஸ்துமஸ் வரவில்லை என்று இனி கேட்கத் தேவையில்லை. அப்புறம் ஒவ்வொரு வேலையையும் காட்டி, "இதை இந்த வருடம் செய்யாவிட்டால் யாருக்கு வருத்தம்" என்று கேளுங்கள். யாரும் கை தூக்காத வேலையை அடித்துவிடுங்கள். கை தூக்கியவர் இருந்தால் அந்த வேலை இனி அவருடையது. எங்கள் வீட்டில் இப்படி அடித்ததில் பாதி போய்விட்டது. யாருக்கோ பிடிக்கும் என்று நினைத்து ஒருவருக்கொருவர் செய்துகொண்டிருந்த வேலைகள் அவை, உண்மையில் யாருக்கும் பிடிக்காது.

பரிசுச் செலவையும் அதே உட்காரலில் பேசி முடித்துவிடுங்கள். 2002இல் டிம் காஸர், கென்னன் ஷெல்டன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 18 முதல் 80 வயது வரையிலான 117 பேரிடம் அவர்களுடைய கிறிஸ்துமஸைப் பற்றி விசாரித்தார்கள். குடும்பத்தோடு இருந்ததும் வழிபாடும் முக்கியமாக இருந்தவர்கள் அதிக மகிழ்ச்சியைச் சொன்னார்கள், செலவழிப்பதும் பரிசு வாங்குவதும் முக்கியமாக இருந்தவர்களிடம் அது குறைவாக இருந்தது. 117 பேர் சின்னக் கூட்டம்தான், அதை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் கடன் வாங்கிப் பரிசு கொடுத்துவிட்டு ஜனவரியில் முழிப்பவர்களுக்கு இதைச் சொல்ல ஆய்வே தேவையில்லை. பெரியவர்களுக்குள் சீட்டுக் குலுக்கி ஆளுக்கு ஒருவருக்கு மட்டும் ஒரு பரிசு என்று வைத்துக்கொண்டால் போதும், தேர்ந்தெடுப்பதில் கொஞ்சம் கவனமாவது இருக்கும்.

பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இன்னொரு கேள்வி வரும். கிறிஸ்துமஸ் தாத்தா நிஜமா? இந்தக் கேள்விக்குப் பெற்றோர் படுகிற பயத்தைப் பார்த்தால் ஏதோ சொத்துப் பத்திரம் தொலைந்த மாதிரி இருக்கும். 1994இல் ஆண்டர்சன், பிரென்டிஸ் என்ற இருவர் இந்த உண்மை தெரிந்துவிட்ட பிள்ளைகளிடம் பேசிப் பார்த்தார்கள். பெரும்பாலும் 7 வயது வாக்கில் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடித்திருந்தார்கள், கண்டுபிடித்ததில் அவர்களுக்குச் சந்தோஷமே அதிகம். வருத்தப்பட்டது பெற்றோர்தான்! அதனால் அந்தக் கேள்வி வந்தால் பதறாமல், "நீ என்ன நினைக்கிறாய்?" என்று திருப்பிக் கேளுங்கள். நம்பத்தான் விரும்புகிறது என்றால் பதிலிலேயே தெரிந்துவிடும், விட்டுவிடுங்கள். கண்டுபிடித்துவிட்டது என்றால் பொய்யை இழுக்காதீர்கள். 4ஆம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் இருக்கும் மீரா என்ற ஊரில், நிக்கொலாஸ் என்று ஒரு ஆயர் இருந்தார், யாருக்கும் தெரியாமல் கொடுப்பவர் என்று அவரைப் பற்றிக் கதைகள் உண்டு, தாத்தா அவரிலிருந்து வந்தவர்தான் என்று சொல்லுங்கள். அப்புறம் கதவுக்கு அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் கையில் டேப்பைக் கொடுங்கள். இந்த வருடம் வீட்டில் ஒருவருக்கு ரகசியமாக ஒரு பரிசு அதன் பொறுப்பு. ரகசியத்தைக் காப்பாற்ற முடியாமல் அது தவிக்கிற தவிப்பைப் பார்க்க நீங்கள்தான் கொடுத்துவைத்தவர். (பதினான்கு, பதினைந்து வயதுக்காரர்கள் எதிலும் சேராமல் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பொருட்படுத்த வேண்டாம். ஆனால் அந்தப் பிள்ளைக்கு வழக்கமாகச் செய்வதை அந்த வருடம் நிறுத்திப் பாருங்கள், முதலில் சண்டைக்கு வருவது அதுவாகத்தான் இருக்கும்.)

மூன்றாவது வேலை, கூடப் பிறந்தவர்கள் இருந்தால் அவர்களோடு உட்கார்ந்து ஒரே கிறிஸ்துமஸை இருவரும் தனித்தனியாகச் சொல்லிப் பாருங்கள். நான் டேப் சத்தம் எண்ணிய அந்த வருடத்தை அக்காவிடம் சொன்னேன். அவளுக்கு அப்போது பதினொரு வயது. "அந்த வருஷமா? அப்பாவும் அம்மாவும் ரெண்டு வாரம் பேசிக்கல, உனக்கு ஞாபகம் இல்லையா?" என்றாள். இல்லை. சுத்தமாக இல்லை. அப்பா அந்த அறையில் இல்லாமல் அம்மா மட்டும் தனியாகப் பொட்டலம் கட்டியதற்குக் காரணமே அதுதானாம். அதைக் கேட்ட பிறகு எனக்கு அந்த நினைவு கெட்டுப்போகவில்லை, ஆனால் அதை வைத்து இன்றைய கிறிஸ்துமஸை மட்டம் தட்டுவதை நிறுத்திவிட்டேன். ஞாபகம் என்பது பெட்டிக்குள் வைத்த போட்டோ மாதிரி அப்படியே இருப்பதில்லை. ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் மூளை அதைப் புதிதாகக் கட்டுகிறது, கட்டும்போது வேண்டாததை விட்டுவிடுகிறது. நீங்கள் ஒப்பிடுவது நடந்த ஒரு டிசம்பரோடு இல்லை, முப்பது வருடமாக வெட்டி ஒட்டிய ஒரு படத்தோடு. அதோடு எந்த டிசம்பரும் போட்டி போட முடியாது. ஏக்கத்துக்கு மேல்நாட்டில் சொல்லும் நாஸ்டால்ஜியா என்ற பெயரை ஜோகன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் 1688இல் ஒரு நோய்க்குத்தான் வைத்தார், ஊரைவிட்டு வந்து வாடுகிறவர்களின் நோய்க்கு. இப்போது யாரும் அதை நோய் என்பதில்லை, கொஞ்சம் ஏக்கம் நல்லதே. ராத்திரி முழுக்க பழைய ஆல்பத்தைப் புரட்டுவதுதான் ஆகாது.

நம்பிக்கை உள்ளவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. கிறிஸ்துமஸ் கதையை நம்மில் பலர் எட்டு வயதுக் காதால் கேட்டதோடு சரி, அதன் பிறகு அதைக் கேட்கவே இல்லை, பழக்கத்தில் தலையாட்டினோம். இந்த வருடம் லூக்கா இரண்டாம் அதிகாரத்தையும் மத்தேயு இரண்டாம் அதிகாரத்தையும் தனியாக, மெதுவாக, முதல் தடவை படிப்பது போலப் படியுங்கள். பத்து நிமிடம் ஆகாது. மாடும் கழுதையும் அதில் இல்லை என்பதைக் கவனிப்பீர்கள். ஞானிகள் மூன்று பேர் என்றும் எங்கேயும் இல்லை. லூக்காவில் ஞானிகளே இல்லை, மத்தேயுவில் தீவனத் தொட்டியே இல்லை. இருப்பது வேறு. நிறைமாதக் கர்ப்பிணியோடு அரசாங்கக் கணக்கெடுப்புக்காக அலைகிற ஒருவர், தங்க இடமில்லை, ராத்திரிக் காவலில் இருந்த தொழிலாளிகளுக்குத்தான் முதல் செய்தி போகிறது, அப்புறம் குழந்தையைக் கொல்ல ஆள் வருகிறது என்று இரவோடு இரவாக எகிப்துக்கு ஓட்டம். குழந்தையாக இருந்தபோது அது பொம்மைகள் நிற்கிற அழகான கொட்டகை. வாடகை வீடு தேடி அலைந்தவருக்கும், ஆஸ்பத்திரி வராந்தாவில் ராத்திரி உட்கார்ந்திருந்தவருக்கும், சொந்த ஊரைவிட்டு ஓடிவந்தவருக்கும் அது வேறு கதை. இதை எட்டு வயதில் புரிந்துகொள்ளவே முடியாது. வளர்ந்ததில் கிடைத்த லாபம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஒரு நாற்காலி காலியாக இருக்கிற வீடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்பு போல இல்லை என்று நாம் சொல்வதில் பாதிக்குப் பொருள் "அவர் இல்லை" என்பதுதான், அதற்கு எந்த உத்தியும் மருந்தாகாது. ஆனால் சில காரியங்களை முன்கூட்டியே முடிவு செய்துவைத்தால் அந்த நாள் கொஞ்சம் தாங்கும்படி இருக்கும். இறந்தவர் செய்துவந்த வேலை ஒன்று இருக்கும், நட்சத்திரம் கட்டுவதோ மன்றாட்டு சொல்வதோ. அதை அந்த நிமிடத்தில் யார் செய்வது என்று எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நிற்பதைவிடக் கொடுமை இல்லை, அதனால் ஒரு வாரம் முன்பே பேசி ஒருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். நாற்காலியை எடுத்துவிடுவதா, அங்கே யாராவது உட்காருவதா என்பதையும். அவர் பெயரை யாராவது ஒருவர் சீக்கிரமே, சாதாரணமாக, ஒரு சிரிப்புக் கதையோடு சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் மற்றவர்களும் மூச்சு விடுவார்கள். நடுவில் எழுந்து போய்விடத் தோன்றுகிறவர்களுக்கு முன்கூட்டியே அனுமதி கொடுங்கள், பின்னால் போய்ச் சமாதானம் செய்து இழுத்துவர வேண்டாம். முதல் வருடம் ஒன்றுமே கொண்டாடாமல் இருப்பதும் சரிதான். பண்டிகை முடிந்தும் வாரக்கணக்கில் தூக்கம், சாப்பாடு, எதிலும் நாட்டமில்லை என்று நீண்டால் மருத்துவரைப் பாருங்கள், அதைக் கிறிஸ்துமஸ் சோகம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

25ஆம் தேதி வேலை இருக்கிறதா? அல்லது அன்றைக்கு எல்லாரும் வேறு வேறு ஊரில் இருக்கிறீர்களா? நாளை மாற்றிக்கொள்ளுங்கள். இயேசு பிறந்த தேதி எந்த நற்செய்தியிலும் இல்லை. டிசம்பர் 25 என்பதற்கு நம்மிடம் இருக்கிற மிகப் பழைய சான்றுகளில் முக்கியமானது 354இல் ரோமில் தொகுத்த ஒரு நாட்காட்டி. அர்மேனியத் திருச்சபை இன்றைக்கும் ஜனவரி 6 அன்று கொண்டாடுகிறது, பழைய ஜூலியன் நாட்காட்டியை விடாத ஆர்த்தடாக்ஸ் சபைகளுக்கு அது ஜனவரி 7. மரபுப்படியே கிறிஸ்துமஸ் ஒரு நாள் பண்டிகை கிடையாது, பன்னிரண்டு நாள். ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து 27ஆம் தேதி நீங்கள் கொண்டாடினால் யாரும் அபராதம் போடப் போவதில்லை. நாங்கள் இரண்டு வருடம் 28இல் கொண்டாடினோம், பிள்ளைகள் மூன்று நாள் கூடுதலாகக் காத்திருந்தார்கள், மேலே சொன்ன குரங்குக் கணக்குப்படி அதுவும் லாபம்.

கடைசியாக ஒன்று, இது சின்ன வேலை, ஆனால் எனக்கு எல்லாவற்றிலும் அதிகம் உதவியது. ஜனவரியில் எல்லாவற்றையும் கழற்றிப் பெட்டியில் வைக்கும்போது, மூடுவதற்கு முன் ஒரு துண்டுத் தாளில் அடுத்த டிசம்பரில் பெட்டியைத் திறக்கப்போகிற உங்களுக்கே ஒரு குறிப்பு எழுதி மேலாக வையுங்கள். எது நன்றாக இருந்தது, எதற்கு வீணாக அலைந்தோம், எந்த விளக்குச் சரம் எரியவில்லை, யார் எதைக் கேட்டுச் சிரித்தார்கள். பதினோரு மாதத்தில் எல்லாம் மறந்துவிடும், பெட்டியைத் திறக்கும்போது உங்கள் கையெழுத்தே உங்களுக்காகக் காத்திருக்கும். யாரோ ஒளித்துவைத்த மாதிரியே இருக்கும், ஏனென்றால் ஒளித்துவைத்த ஆளை நீங்களே மறந்திருப்பீர்கள்.

இந்த ஜனவரியில் பெட்டி கட்டும்போது என் மகள் அந்த மேய்ப்பனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கை தப்பா ஒட்டியிருக்கு, நான் சரி பண்ணட்டுமா?" என்று கேட்டாள். அவனைப் பஞ்சில் சுற்றி உள்ளே வைத்தேன். துண்டுத் தாளில் இப்படி எழுதினேன்: நீலச் சரம் எரியவில்லை, தூக்கிப்போடவும். டேப் இரண்டு வாங்கவும். மேய்ப்பன் கையைச் சரி செய்ய வேண்டாம்.